பாவா திருப்பி மாட்டிய பூட்டு

பாவா அந்தக் கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பார்த்தது இன்றைக்கும் என் கண்முன்னால் நிற்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில், கதவு மாதிரி நிறுத்தி வைத்த ஒரு பலகையில் நான் செய்த மாதிரிப் பூட்டை மாட்டியிருந்தேன். வெளிப்பக்கம் அவர், உட்பக்கம் நான். பூட்டிவிட்டு, "இப்போ அழுத்துங்க பாவா" என்றேன். அழுத்தினார். கைப்பிடி லொடக்கென்று கீழே இறங்கியது, விட்டதும் மேலே ஏறியது. பூட்டின் நாக்கு மட்டும் அசையவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "எவ்ளோ அழுத்தினாலும் தொறக்காதா மச்சான்?" என்று கேட்டார். திறக்காது என்றேன். "தொங்கினா?" தொங்கினாலும் திறக்காது. "உள்ள இருந்து?" உள்ளே இருந்து எப்போது அழுத்தினாலும் திறந்துவிடும் பாவா, சாவியே வேண்டாம், அதுதான் இதில் முக்கியம் என்றேன். "ஆங்" என்று தலையாட்டினார். பிறகு பலகையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, அந்தக் கைப்பிடியையும் அழுத்திப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் குடும்பத்திலேயே என் வேலையை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஒரே மனிதர் என்று நான் பூரித்துப்போனேன்.

என் அக்காவின் புருஷன் அவர். போன வாரம் இறந்துபோனார். மாரடைப்பு. திருத்தணி பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பினால் அவர் படம்தான், வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே "பாசத்தின் சிகரமே" என்று போட்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரே என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதிர்ந்து பேசமாட்டார்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்று அம்மா என் வாயை அடைக்கப் பார்க்கிறாள். எனக்கு வாய் இருக்கிறது, நான் பேசத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

ஊருக்கு அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சமாக எழுதினான் என்று யாரும் சொல்ல வேண்டாம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவார். ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் காவடி எடுப்பார். பங்குனி வெயிலில் மலைப் படிக்குக் கீழே பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே நீர்மோர் ஊற்றுவார். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பாடைக்கு மூங்கில் வாங்கப் போகிற முதல் ஆள் அவர்தான். எங்கள் நைனா தவறியபோது மகன் ஸ்தானத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார், நான் அப்போது சின்னவன். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்க முடியாததால்தான் இப்போது இன்னும் அதிகமாக வயிறு எரிகிறது.

நான் டிப்ளமா முடித்துவிட்டு, சென்னை போகிற வழியில் இருக்கிற ஒரு சின்னப் பூட்டுக் கம்பெனியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருத்தணிக்காரனுக்குக் கதவுக் கைப்பிடியைப் பற்றிப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருத்திகை சமயத்தில் அடிவாரத் தெருக்களில் கூட்டம் நெட்டித் தள்ளும். சென்னையிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள், தங்க இடம் தேடி, தண்ணீர் கேட்டு, கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டுமென்று, எந்தக் கதவைக் கண்டாலும் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் அதில் தொங்கி ஊஞ்சலாடும். திருட வருகிறவன் இரும்புக் குழாயைச் செருகி நெம்புவான். சாதாரணப் பூட்டென்றால், பூட்டிய கதவில் கைப்பிடி விறைத்துக்கொண்டு நிற்கும். அதை அழுத்துகிற பலமெல்லாம் உள்ளே இரண்டு பக்கக் கைப்பிடியையும் இணைக்கிற சதுரக் கம்பியில்தான் போய் விழும். கம்பி முறுக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிற வார்ப்பு உடையும், பூட்டு தொலைந்தது. திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கைப்பிடிப் பூட்டுக்கு அடிதடி நடக்கும்.

என் யோசனை ரொம்ப எளிமையானது. அழுத்துகிறவன் அழுத்தட்டும், கைப்பிடி விறைக்காமல் அவன் போக்கிலேயே போகட்டும். சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் சுற்றாது அல்லவா, அதுதான் சங்கதி. சதுரக் கம்பியை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு சின்ன முளையை வைத்து இணைத்தேன். பூட்டினால் முளை விலகிக்கொள்ளும். வெளிக் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் அப்புறம் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. எவ்வளவு பெரிய பலசாலி வந்தாலும் ஒரு சின்ன ஸ்பிரிங்கோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். உட்பக்கக் கைப்பிடிக்கு மட்டும் முளை கிடையாது, அது எப்போதும் இணைந்தே இருக்கும். வீட்டுக்குள் தீப்பிடித்தாலும் பிள்ளைகள்கூட ஓர் அழுத்தில் வெளியே ஓடி வந்துவிடலாம். உட்பக்கம் ஒரு குமிழ், அதைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் சாவித் துளை. ஸ்க்ரூக்கள் அத்தனையும் உட்பக்கத் தகட்டில், வெளியே ஒன்றுகூடத் தெரியாது. கதவு இடப்பக்கம் திறந்தாலும் வலப்பக்கம் திறந்தாலும் நாக்கைத் திருப்பிப் போட்டு மாட்டிக்கொள்ளலாம், ஒரே பூட்டு எல்லாக் கதவுக்கும் ஆகும். முதலாளிக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பப் பிடித்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் புடவை வியாபாரம் ஆரம்பித்தாள். பஸ் ஏறி அம்மையார்குப்பம் போவாள், தறிக்காரர் வீடுகளில் உட்கார்ந்து பேசி, கரை எப்படி வேண்டும், முந்தானை எப்படி வேண்டும் என்று சொல்லி நெய்ய வைத்து வாங்கி வருவாள். திருத்தணியில் டீச்சர்மார், நர்ஸ்மார் எல்லாம் அவளிடம்தான் புடவை எடுத்தார்கள். எதையும் நாலு வார்த்தையில் விற்றுவிடுவாள், அப்படி ஒரு வாய். பாவாவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சத்தம் போட்டாரா என்றால் இல்லை. "உனக்கு இன்னா கொறை வெச்சேன், இன்னாத்துக்கு மூட்டை தூக்கிக்கினு பஸ்ல அலையற?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்து போவார். தறிக்காரன் எவனாவது போன் செய்தால், யார் என்ன என்று துருவித் துருவிக் கேட்பார். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மறுநாளும் பஸ் ஏறினாள்.

என் பூட்டு தயாரான அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் பாவா என்னிடம் பூட்டு கேட்டார். "கிருத்திகைக் கூட்டம் வருது மச்சான், நான் காவடிக்குப் போய்ட்டா உங்க அக்கா தனியா இருப்பா. உன் பூட்டு ஒண்ணு போட்டுட்டா எனக்கு நிம்மதி" என்றார். கம்பெனியில் தயாரான முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து ஆசாரியிடம் கொடுத்து, மாட்டச் சொல்லிவிட்டு நான் கோயம்புத்தூர் கிளம்பிப் போனேன். மொத்தமாகத் தயாரிப்பதற்கு அச்சு வார்க்கிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமென்று முதலாளி அனுப்பியிருந்தார். தை பிறக்கும்வரை அங்கேதான் இருந்தேன். அக்கா நம்பருக்கு அடித்தால் போகாது. பாவா நம்பருக்கு அடித்தால், "அவ போன் ரிப்பேர் மச்சான், இந்தா பேசு" என்று கொடுப்பார். அக்கா நல்லா இருக்கேன்டா, சாப்பிட்டியா என்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது. பாவா பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இதைச் சொல்லும்போது, நீ கவனித்திருக்க வேண்டாமா என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எவன் செய்தானோ அவனைக் கேளுங்கள். யாரெல்லாம் கண்ணால் பார்த்தார்களோ அவர்களைக் கேளுங்கள். நான் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அக்காவுக்குச் சீர் கொண்டுபோக வேண்டுமே, கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் அரிசியும் பைக்கில் கட்டிக்கொண்டு நடுப்பகலில் போய் நின்றேன். சொல்லாமல் போனால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்பு. அது ஒரு வரிசை வீடு, ஒரே கதவு, கதவை ஒட்டித் தெருவைப் பார்த்த ஜன்னல். வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம்! ஸ்க்ரூக்கள் அத்தனையும் தெருப்பக்கம் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. சாவித் துளையைக் காணோம், அது இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் இருந்தது. பூட்டை உள்வெளியாக மாட்டி வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்து செய்த பூட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் யார் வேண்டுமானாலும் கழற்றலாம். ஸ்க்ரூ டிரைவர்கூட எதற்கு, கைப்பிடியை அழுத்தினாலே திறந்துகொள்ளும். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறான் என்று நடுத்தெருவிலேயே ஆசாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நான் சரியாத்தான் சார் மாட்டினேன். ஒரு வாரம் கயிச்சு உங்க பாவாதான் கூப்ட்டு, கயட்டித் திருப்பி மாட்டுன்னாரு" என்றார். எதுக்குன்னு கேக்கலியா என்றேன். "வூட்டுக்காரரே சொல்றாரு, நான் இன்னா சார் கேக்கறது?" என்றார்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் லொடக், லொடக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும், என் மேஜையில் நான் ஓராயிரம் தடவை கேட்ட சத்தம். முளை விலகிய கைப்பிடி சும்மா இறங்கி ஏறுகிற சத்தம். யாரோ உள்ளே இருந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். "தம்பியா? டேய், நீயா?" என்று அக்காவின் குரல். அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. தெருப்பக்கக் கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினேன், கதவு திறந்துகொண்டது.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. என்னைத் தாண்டித் தெருவில் இறங்கி, காலில் செருப்புகூட இல்லாமல் வெயிலில் நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். சற்று நேரம் கழித்து என் கையைப் பார்த்தாள், சாவி இருக்கிறதா என்று. "எப்டிரா தொறந்த?" என்றாள். சும்மாதான் அழுத்தினேன் என்றேன். நம்பாமல் வந்து தானே கதவைச் சாத்தி, குமிழைத் திருப்பி, கைப்பிடியை அழுத்தினாள். திறந்தது. மறுபடியும் சாத்தினாள், மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் திறந்தது. "வெளிய இருந்து யாரு அழுத்தினாலும் தொறக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. காலையில் பாவா வேலைக்குக் கிளம்பும்போது வெளியே நின்று குமிழைத் திருப்பிவிட்டுப் போவார். சாவியும் அவளுடைய போனும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அக்கா அவர் சாவி போட்டுப் பூட்டுவதாகவே நினைத்திருக்கிறாள். உள்ளே அவளுக்குக் கிடைத்தது சும்மா ஆடுகிற கைப்பிடியும் ஒரு சாவித் துளையும்தான். ஹேர்பின்னை விட்டுப் பார்த்திருக்கிறாள், கத்தி முனையை விட்டுப் பார்த்திருக்கிறாள், உலக்கையால் கைப்பிடியை அடித்திருக்கிறாள். அந்தப் பூட்டு எதற்கும் மசியவில்லை. மசியக் கூடாது என்றுதான் நான் செய்தேன். திருடனை நினைத்து நான் யோசித்து யோசித்து வைத்த ஒவ்வொன்றும் என் அக்காவுக்கு எதிராகப் போய் நின்றது. எது உள், எது வெளி என்று பூட்டுக்கு என்ன தெரியும்? மாட்டுகிறவனுக்குத்தான் தெரியும். பாவாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வெளியே நாதாங்கியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கும்போது ஏன் பூட்டு என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். இதில் அந்தத் தொந்தரவு இல்லை, பார்வைக்கு மரியாதையான கதவு.

முதல் நாள் அவள் கத்தியிருக்கிறாள். தெரு கூடியிருக்கிறது. யாரோ அரக்கோணத்துக்குப் போன் போட்டுப் பாவாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்த மெல்லிய குரலில், "அவளுக்கு மனசு சரியில்லிங்க, டாக்டரு வெளிய வுட வேணாம்னு சொல்லிக்கிறாரு, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றிருக்கிறார். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தெரு அவளைப் பார்த்துக்கொண்டது, ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டது! எதிர்வீட்டு அத்தை ஜன்னல் கம்பி வழியாகக் குழம்பு கொடுத்தாள், கறிவேப்பிலை கொடுத்தாள். ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையும் அந்தக் கம்பி வழியாகத்தான் போயிருக்கிறது. என் தம்பிக்குச் சொல்லுங்க அத்தை என்று கெஞ்சினால், "உன் தம்பி நெம்பர் என்கிட்ட இல்லியேம்மா" என்பாளாம். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நம்பர் இல்லையாம்!

நான் தெருவைத் தாண்டிப் போய் அத்தையிடமே கேட்டேன். கதவு வெளியே இருந்து திறக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? "தெரியும்பா. டெய்லி சாயங்காலம் உங்க பாவா வந்து சொம்மா அமுக்கிட்டுத்தானே உள்ள போறாரு" என்றாள். பிறகு ஏன் திறக்கவில்லை? "அடுத்தவங்க வூட்டுக் கதவ நாம எப்டிப்பா தொறக்கறது?" என்றாள். திருடி என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி அவள் முகம் சுருங்கிவிட்டது. கதவைத் திறப்பது தப்பு, உள்ளே ஒருத்தி கிடந்து வேகுவது தப்பில்லை.

அதைவிடப் பெரிய கூத்து எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மலைக்குப் போய்விட்டு வரும் வழியில் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறாள். பெற்ற தாய். மகளுக்குப் பூவும் விபூதியும் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு, அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஏம்மா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கோவக்காரன், வந்து ரகளை பண்ணுவே. மாப்ளைக்கு ஏதோ வருத்தம், ரெண்டு நாள்ல சரியாப்பூடும்னு நெனச்சேன்" என்றாள். கேட்டீர்களா, என் கோபம்தான் காரணமாம். அதிர்ந்து பேசாதவர் பெண்டாட்டியை அடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார், அதற்கு எல்லாரும் அடங்கிப் போகிறார்கள். கத்துகிறவன் நான் ஒருத்தன், ஆகவே என்னிடம் மறைக்க வேண்டும். அன்றையிலிருந்து என் கோபத்தைக் குறைக்கச் சொல்லி யார் புத்தி சொன்னாலும் நான் கேட்பதில்லை.

சாயங்காலம் பாவா வந்தார். கதவு திறந்திருப்பதையும் நான் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வா மச்சான், எப்போ வந்த? காப்பி குட்ச்சியா?" என்றார். ஏன் பாவா இப்படிச் செய்தீர்கள் என்றேன். பாதுகாப்புக்குத்தான் என்றார். நான் எழுந்து நின்று கத்தினேன், பாதுகாப்பா, தெருவில் போகிற எவன் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி மாட்டி வைத்துவிட்டுப் பாதுகாப்பா, எவனாவது திறந்துவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்து, பாவம் சின்னப்பையன் என்கிற மாதிரி சிரித்தார். "எவன் மச்சான் தொறப்பான்?" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். வெளியாளைத் தடுக்க என்னென்னவோ கணக்குப் போட்டு, கம்பியை வெட்டி, முளை வைத்து நான் பூட்டு செய்தேன். வெளியாளைத் தடுக்க ஒன்றுமே தேவையில்லை என்று அவர் தெரிந்து வைத்திருந்தார். எங்கள் தெருவை அவர் அளந்து வைத்திருந்தார், என் அம்மாவையும் சேர்த்துத்தான். கை ஓங்கிக்கொண்டு போனேன். அக்கா குறுக்கே வந்து, "வுட்றா, வண்டிய எடு" என்றாள். புடவை மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டாள். பைக்கில் நான் கட்டிக்கொண்டு வந்த கரும்பை அவிழ்த்து அந்த வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள், அந்த இடத்தில் மூட்டையைக் கட்டினாள். அன்றைக்கே அம்மையார்குப்பத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அவளுக்குப் புடவை நெய்து தருகிற தறிக்காரர் ஒருவர் தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னார்கள், பாவா எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா திரும்பிப் போகவில்லை. நல்ல மனுஷனை விட்டுவிட்டுப் போனவள் என்று பேர் வாங்கினாள். அவர் வருஷா வருஷம் மோர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

கம்பெனியில் நான் சண்டை போட்டேன். வெளிப்பக்கத் தகட்டில் 'வெளிப்பக்கம்' என்று எழுத்தை வார்ப்பிலேயே பொறிக்க வேண்டும், திருப்பி மாட்டினால் உள்ளே இருக்கிறவள் கண்ணுக்கும் வந்து போகிறவர்கள் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும் என்றேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அச்சை மாற்ற முடியாது, வேண்டுமானால் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார். ஒட்டினார்கள். மாட்டுகிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் உரித்துப் போடுகிறார்கள். உரித்துப் போடட்டும், எழுத்து தெரியாததாலா யாரும் அன்றைக்குத் திறக்காமல் இருந்தார்கள்?

நேற்று நான் அம்மையார்குப்பத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். இப்போது அவளுக்குச் சொந்தமாகவே தறிகள் இருக்கின்றன, பக்கத்து அறையில் அவை ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். அத்தைக்கு முட்டி வலி, படியேற அக்காதான் கை கொடுத்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வந்து நிற்க வேண்டுமாம், பெண்டாட்டி இல்லாமல் காரியம் செய்தால் நன்றாக இருக்காதாம். அம்மா அழுதாள். "செத்தவரு மேல இன்னாம்மா கோவம்? நீ வரலன்னா ஊரு பேசும்" என்றாள் அத்தை. நான் எழுந்து கத்துவதற்குள் அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிரித்து வைத்திருந்த புடவை ஒன்றை மடித்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அவரு மேல கோவம் இல்ல அத்த, அது அப்பவே போச்சு. ஜன்னலாண்ட வந்து எனக்கு எவ்ளோ நாள் குழம்பு குடுத்தீங்க. அந்த ஜன்னலுக்கும் கதவுக்கும் ஒரு முழந்தான் அத்த இருக்கும். கைய அந்தாண்ட நீட்டியிருந்தா போதும்."

அத்தை தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. அக்கா எழுந்து போய், ஆட்டோக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள், இரண்டு பேரும் திரும்பிப் போக வேண்டும் என்று.